காண்ட்டுக்குக் கிடைத்த பத்தாண்டு

தோழர்களே, இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கும் மாணவர்களே!

தத்துவத் துறைக்குப் பகுதிநேர விரிவுரையாளர் போதுமாம். மாணவர் குறைவாம், வாரத்துக்கு நாலு வகுப்புதானாம். கொஞ்சம் படித்தவர்கள் இன்னொன்றும் கேட்கிறார்கள்: இம்மானுவேல் காண்ட்டே சம்பளமில்லாமல்தானே பாடம் நடத்தினார்?

நடத்தினார் ஐயா, முழுக் கதையையும் கேளுங்கள். 1755 முதல் 1770 வரை கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் தரவில்லை. வகுப்புக்கு வந்தவர்கள் கொடுத்த கட்டணத்தில்தான் பிழைப்பு. தர்க்கம் சொன்னார், அறவியல் சொன்னார், ஆள் சேர வேண்டுமே, புவியியலும் சொன்னார். அதுவும் போதாமல் 1766இல் அரண்மனை நூலகத்தில் துணை நூலகர் வேலைக்கும் போனார். 1770இல் பேராசிரியர் பதவி கிடைத்தது. அப்புறம் பத்தாண்டுக்கு மேல் மனிதர் ஏறக்குறைய எதையுமே வெளியிடவில்லை! ‘இந்த ஆண்டு எத்தனை கட்டுரை?’ என்று கேட்டு யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. 1781இல் வந்தது ‘தூய அறிவின் விமர்சனம்’. நிரந்தர வேலை கொடுத்த அந்தப் பத்தாண்டில் விளைந்த நூல் அது. நம் ஊரில் இருந்திருந்தால் ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுநியமன விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றிருப்பார். (கைதட்டல்)

ஒரு நீதிபதி மாலையில் வந்து சட்டத்தின் அறம் பற்றிப் பேசட்டும், வரவேற்கிறேன். அவருக்குச் சோறு போட வேறு வேலை இருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கி, நெட் தேறி, இதையே நம்பி நிற்பவரைப் ‘பகுதிநேரம்’ என்பது எந்த நியாயம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி என்ன சொல்கிறது? ஒப்பந்த ஆசிரியர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அந்தப் பதவியின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். விதியில் மாட்டாமல் இருக்கத்தான் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்றொரு பெயர்! அரசுக் கலைக் கல்லூரிகளில் அவருக்கு 2023இல் நிர்ணயித்தது மாதம் 25,000. அதுவும் பதினொரு மாதத்துக்கு. மே மாதம் கௌரவத்தைத்தான் சாப்பிட வேண்டும். (சிரிப்பு) சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லியாயிற்று.

செப்டம்பர் 5 அன்று ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறீர்களே, அவர் என்ன பாடம் நடத்தினார்? அந்தப் பாடத்துக்குக் காலியாகக் கிடக்கும் இடங்களை இந்தக் கல்வியாண்டுக்குள் விளம்பரம் செய்து நிரப்புங்கள். அதுவரை இருப்பவர்களுக்கு மூன்றாண்டு ஒப்பந்தமும் மே மாதச் சம்பளமும் எழுத்தில் கொடுங்கள்.