சொந்த ஊர்க் கூட்டம்



தொட்டியத்தைச் சுற்றியுள்ள காவிரிக்கரை ஊர்களில் பொங்கலையொட்டிக் கபடி நடக்கும்போது, களத்துக்குப் போகாமலே ஆட்டத்தின் போக்கைச் சொல்லிவிட முடியும். பாடிப் போனவர் தொட்டுத் திரும்பினால் ஒரு சத்தம். மடக்கிப் பிடித்துவிட்டால் வேறொரு சத்தம். வெளியூர் அணி புள்ளி எடுத்தால் ஒரு முனகல். வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் தமிழில் கிரிக்கெட் வர்ணனை சொன்ன நாட்களில், அவர்கள் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்பே, பின்னணியில் எழும் இரைச்சல் விக்கெட்டா நான்கு ஓட்டங்களா என்பதைச் சொல்லிவிடும்.

ஆனால் எல்லா ஊர்க் கூட்டமும் ஒன்றுபோல இரைவதில்லை. ஓர் அரங்கில் கூரை அதிர்கிறது. இன்னோர் அரங்கில் அதே விளையாட்டு, அதே தரம், இருக்கைகளும் நிறைந்திருக்கின்றன. சத்தம் மட்டும் இல்லை. ஏன் இப்படி? இன்று இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்குக் கூடைப்பந்தை எடுத்துக்கொள்கிறேன். மூடிய அரங்கு, சிறிய களம், கோட்டை ஒட்டியே உட்காரும் பார்வையாளர்கள் என்று, கூட்டத்தின் சக்தியை இவ்வளவு பக்கத்தில் காட்டும் ஆட்டங்கள் குறைவு.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வில் 30 அணிகள் இருக்கின்றன. வழக்கமான பருவத்தில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். அதில் பாதி சொந்த ஊரில். இந்த அணிகளில் ஒன்று, கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரத்து கிங்ஸ். 2013 நவம்பர் 15 அன்று அதன் ரசிகர்கள் எழுப்பிய சத்தம் 126 டெசிபல் என்று அளக்கப்பட்டது. உள்ளரங்க விளையாட்டில் அன்றைக்கு அதுவே கின்னஸ் சாதனை.

அந்த அணி அப்போது கோப்பை மேல் கோப்பை வென்றுகொண்டிருந்ததா என்றால், இல்லை. அதற்கு முந்தைய பருவத்தில் 28 வெற்றி, 54 தோல்வி. சாதனை படைத்த பருவத்தின் முடிவிலும் அதே 28 வெற்றி, 54 தோல்விதான். 2006-க்குப் பிறகு அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற 2023 வரை காத்திருந்த அணி அது. ஜெயிக்கிற அணிக்குத்தான் கூட்டம் கத்தும் என்று நாம் நினைக்கிறோம். சாக்ரமென்டோவின் கணக்கு வேறு.

சாதனை படைத்த அந்த 2013-ன் தொடக்கத்தில் கிங்ஸ் அணியை விற்று, சியாட்டில் நகரத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்தது. சியாட்டில் தன் சொந்த அணியை 2008-ல் ஓக்லஹோமாவுக்குப் பறிகொடுத்த நகரம். சாக்ரமென்டோவில் அப்போது இருந்த பெரிய தொழில்முறை அணி இது ஒன்றுதான். மக்கள் திரண்டார்கள், மாநகராட்சி போராடியது. மே மாதத்தில் மற்ற அணிகளின் உரிமையாளர்கள் 22-க்கு 8 என்ற வாக்கில் இடமாற்றத்தை நிராகரித்தார்கள். மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே தலைமையிலான குழு அணியை வாங்கி, அதே ஊரில் வைத்துக்கொண்டது. அதற்கு ஆறு மாதம் கழித்து எழுந்ததுதான் அந்த 126 டெசிபல். போய்விடும் என்று பயந்த ஒன்று கையிலேயே தங்கிவிட்டால் எப்படிக் கத்துவோமோ, அப்படிக் கத்தியிருக்கிறார்கள்.

அந்தச் சாதனையையும் பிறகு முறியடித்தார்கள். 2017-ல் கான்சஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கில் 130.4 டெசிபல் பதிவானது. அங்கே ஆடியவர்கள் சம்பளம் வாங்கும் தொழில்முறை வீரர்கள் அல்லர். அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். ஆடுகிறவன் நேற்று நம்மோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் என்றால், தொண்டை தானாகவே திறந்துகொள்கிறது.

இனி எதிர்ப்பக்கம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 1971 முதல் ஓக்லாந்து நகரத்தில் ஆடிவந்தது. உழைக்கும் மக்கள் நிறைந்த துறைமுக நகரம் அது. பல ஆண்டுகள் தோற்றுக்கொண்டிருந்த காலத்திலும் அந்த அரங்கு ஆர்ப்பரித்தது. பின்பு அணி கோப்பைகளை வென்றது, புகழ் பெற்றது. 2019-ல் வளைகுடாவைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோவில் புத்தம் புதிய அரங்குக்குக் குடிபோனது. டிக்கெட் விலை ஏறியது. நல்ல இருக்கைகள் நிறுவனங்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் போயின. பழைய அரங்கின் சத்தம் புதிய அரங்கில் இல்லை என்பதே பழைய ரசிகர்களின் தீராத குறை. அணி அதே அணிதான், நட்சத்திரங்களிலும் பலர் பழையவர்கள்தான். உட்கார்ந்திருப்பவர்கள் மாறிவிட்டார்கள்.

கட்டடத்துக்கும் இதில் பங்கு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்காக 2024-ல் திறந்த புதிய அரங்கில், ஒரு பக்க வளையத்துக்குப் பின்னால் 51 வரிசை இருக்கைகளை, நடுவில் சொகுசு அறைகள் எதுவும் குறுக்கிடாமல், செங்குத்தாக அடுக்கியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘சுவர்’. அந்தப் பகுதியில் எதிரணியின் சட்டை போட்டுக்கொண்டு உட்கார முடியாது. கூட்டத்தின் சத்தத்தை எண்ணிக்கொண்டே வரைபடம் போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் உள்ள தூரம் குறையக் குறைய, பார்ப்பவர் மனம் ஆட்டத்துக்குள் போய்விடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கபடிக் களத்தைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நம் ஊர்க்காரருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரி, இந்தச் சத்தம் ஆட்டத்தை உண்மையிலேயே மாற்றுகிறதா?

ஃபவுல் கிடைத்ததும் வீரர் தனியாக நின்று வளையத்தில் பந்தெறிவதைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ரீ த்ரோ என்பார்கள். வெளியூர் வீரர் எறியும்போது, கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் இருக்கும் உள்ளூர்க் கூட்டம் கையை ஆட்டும், கூச்சல் போடும், பலூன்களை அசைக்கும். டோபியாஸ் மாஸ்கோவிட்ஸ், ஜான் வெர்தைம் என்ற இருவர் 2011-ல் வெளியிட்ட ‘ஸ்கோர்காஸ்டிங்’ என்ற நூலில் என்.பி.ஏ.வின் இந்தக் கணக்கை ஆராய்ந்தார்கள். சொந்த ஊரில் எறிந்தாலும் வெளியூரில் எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் விழும் விகிதம் ஒன்றாகவே இருந்தது. ஏறக்குறைய நான்குக்கு மூன்று. பழகிய கையைக் கூச்சல் அசைக்கவில்லை.

அப்படியானால் சத்தம் யாரை அசைக்கிறது? இங்கிலாந்தில் ஆலன் நெவில் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2002-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு லிவர்பூல் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடிய ஓர் ஆட்டத்தின் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமே இல்லாமல். சத்தத்தைக் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். நேர்மையான மனிதர்கள்தான். ஆனாலும் ஆயிரம் பேர் ஒரே குரலில் ‘இல்லை’ என்று கத்தும்போது, விசில் வாயருகே போய் ஒரு கணம் தயங்குகிறது.

2020-ல் கொரோனா வந்தபோது இது உலகத்துக்கே ஒரு பாடமாக அமைந்தது. என்.பி.ஏ. தன் மீதி ஆட்டங்களைப் பார்வையாளர் இல்லாமல் ஃபுளோரிடாவின் டிஸ்னி வளாகத்தில் ஒரே இடத்தில் நடத்தியது. பெரிய திரைகளில் ரசிகர்களின் முகங்களைக் காட்டினார்கள், பதிவு செய்த ஆரவாரத்தை ஒலிபரப்பினார்கள். அதற்கு அடுத்த பருவத்தில் அணிகள் தங்கள் ஊருக்குத் திரும்பியும் பெரும்பாலான அரங்குகள் காலியாகவோ அரைகுறையாகவோ இருந்தன. சொந்த ஊர் அணியின் வெற்றி விகிதம் சரிந்தது. நம் புரோ கபடி லீக்கும் 2021 டிசம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை ஒரு முழுப் பருவத்தை பெங்களூருவில் ஒரே ஹோட்டல் வளாகத்தில், பார்வையாளர் இல்லாமல் நடத்தியது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ரெய்டு போனவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆனால் ஊர் கேட்கவில்லை.

இங்கே தமிழ்நாட்டைப் பற்றிப் பெருமையாக ஒன்று சொல்ல வேண்டும். நம் மண்ணில் கூடைப்பந்துக்கு வயது அதிகம். 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி எத்தனையோ பள்ளிகளுக்கு விளையாட்டு ஆசிரியர்களைத் தந்தது. அவர்கள் போன ஊர்களில் கம்பம் நட்டு வளையம் மாட்டினார்கள். தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. அரை நூற்றாண்டைத் தாண்டிய போட்டி அது. வங்கி அணிகள், ராணுவ அணிகள், கேரள அணிகள் என்று வந்து ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். ஆனாலும் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் அந்த ஆட்டங்களைப் பார்க்க ஊர் வருகிறது. ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பார்த்து ஆட்டத்தின் நுணுக்கம் அந்த ஊருக்குப் பிடிபட்டிருக்கிறது. நல்ல பாஸ் ஒன்றுக்கு, பந்து வளையத்தில் விழுவதற்கு முன்பே கைதட்டல் வருகிறது என்றால், ஆட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

2019 அக்டோபர் 4 அன்று மும்பையில் இதே போன்ற ஒன்று நடந்தது. நான் முன்பு சொன்ன சாக்ரமென்டோ கிங்ஸ், இண்டியானா பேசர்ஸ் அணியோடு முதன்முறையாக இந்தியாவில் ஆடியது. அன்றைய இருக்கைகளை நிரப்பியவர்கள் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு அங்கே சொந்த அணி என்று எதுவும் இல்லை. அதனால் இரண்டு அணிக்கும் கத்தினார்கள். கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் பேசர்ஸ் 132–131 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றது. யார் வென்றாலும் மகிழ்ச்சி என்றிருந்த அந்தக் கூட்டத்தைப் போல ஒன்று எந்த அணிக்கும் எளிதில் வாய்க்காது.

நேயர்களே, சத்தத்தின் அளவு ஒரு கூட்டத்தின் உயரத்தைக் காட்டிவிடாது. இதற்கு நம் நாட்டிலேயே ஒரே ஆண்டில் இரண்டு சாட்சிகள் உண்டு. 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். வெற்றிக்கு 271 தேவை. முதுகு வலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த சச்சின் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டது 17. மீதி மூன்று விக்கெட்டும் நான்கே ஓட்டங்களில் விழுந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி. மைதானம் உறைந்துபோய், பிறகு எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. வாசிம் அக்ரமும் அவருடைய வீரர்களும் மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் கொல்கத்தா ஈடன் கார்டனில் அதே இரு அணிகள். சச்சின் ரன் அவுட் ஆன விதத்தில் கோபம் மூண்டு, பொருட்கள் பறந்து, கடைசி நாளில் காவல்துறை பார்வையாளர்களை வெளியேற்ற, ஆட்டம் காலி அரங்கில் முடிந்தது. ஈடன் கார்டன் கூட்டத்துக்கு ஆர்வம் குறைவா? இந்தியாவிலேயே பெரிய ஆர்வம் அங்கேதான். ஆனால் சேப்பாக்கத்துக்கு ஆட்டம் பெரிதாக இருந்தது. அன்றைய ஈடனுக்கு முடிவு பெரிதாகிவிட்டது.

ஆகவே, சொந்த ஊர்க் கூட்டம் என்றால் என்ன? என் கருத்து இதுதான். ஆடுகிறவர் நம்மவர் என்ற எண்ணம், எளியவர் கைக்கு எட்டும் கட்டணம், களத்தை ஒட்டிய இடம், ஆட்டத்தைப் பற்றிய அறிவு: இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் கூட்டம் உயிரோடு இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் குரல் குறைகிறது. தொட்டியம் மதுரகாளியம்மனின் பங்குனித் தேரைச் சக்கரத்தில் உருட்டாமல் தோளில் சுமந்து வருவார்கள். அங்கே வேடிக்கை பார்க்கிறவர், விழா நடத்துகிறவர் என்ற பிரிவே கிடையாது. நல்ல விளையாட்டுக் கூட்டமும் அப்படிப்பட்டதுதான். ஆட்டத்தின் பாரத்தில் ஒரு பங்கு அதன் தோளிலும் இருக்கிறது.

போட்டி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: முதல் வரிசை நாற்காலிகளைப் பிரமுகர்களுக்காகக் காலியாக வைத்திருக்காதீர்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஆட்டத்தின் விதிகளை ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடம் சொல்லுங்கள். தெரிந்த ஆட்டத்துக்குத்தான் கூட்டம் திரும்பி வரும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை சென்னைப் பெண். பெண்கள் ஆட்டத்துக்குக் கேலரி நிறைவது இன்னும் அரிதாகத்தான் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெண்கள் கபடியோ கூடைப்பந்தோ ஆடும் நாளில், வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

திருச்சி அண்ணா விளையாட்டரங்கமோ, முசிறியோ, தொட்டியமோ, உங்கள் தெருக்கோடித் திடலோ, அடுத்த ஆட்டம் நடக்கும்போது அங்கே போய் நில்லுங்கள். நம் பிள்ளைகளுக்காகத் தொண்டை வற்றக் கத்துங்கள். வெளியூர்ப் பிள்ளை நன்றாக ஆடினால் அவனுக்கும் கைதட்டுங்கள். நடுவரைத் திட்டாதீர்கள், அவர் தீர்ப்பை அவரே சொல்லட்டும். நாம் தோற்ற நாளிலும் எழுந்து நின்று கைதட்டிவிட்டு வீடு திரும்புங்கள். அந்தப் பெருமை எந்தக் கோப்பைக்கும் குறைந்ததில்லை.