விடியக்காலை மூணு மணிக்குக் கூவுற சேவலுக்கு எந்தச் சட்டம்?

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

ஹெட்போன் போட்டிருந்தா வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க. இன்னைக்குச் சேவலைப் பத்திப் பேசப்போறோம்.

முதல்ல ஒரு கேள்வி. நாமக்கல்ல கோடிக்கணக்குல கோழிங்க இருக்கு. ஆனா ஒரு பெரிய முட்டைக்கோழிப் பண்ணை பக்கத்துல விடியக்காலை போய் நின்னீங்கன்னா அனேகமா ஒரு கொக்கரக்கோ கூட கேக்காது. ஏன்?

அங்க சேவலே கிடையாது, அதான் காரணம். கோழி முட்டை போட சேவல் தேவையில்லை. முட்டை குஞ்சு பொரிக்கணும்னாத்தான் சேவல் வேணும். முட்டைப் பண்ணைக்குக் குஞ்சு பொரிப்பகத்துல இருந்து வர்றதெல்லாம் பெட்டைக் குஞ்சுங்க மட்டும்தான். ஆக, இந்தியாவோட முட்டை நகரத்துல உங்க தூக்கத்தைக் கெடுக்கறது கோடிக்கணக்கான பண்ணைக் கோழிங்க இல்ல. பக்கத்து வீட்டுக் கொல்லையில இருக்கற அந்த ஒரே ஒரு நாட்டுச் சேவல்தான்.

இதை நான் அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சேலத்துக்கு வெளியே, புதுசா பிளாட் போட்ட ஒரு இடத்துல வாடகைக்கு இருந்தேன். எனக்கு வேலை முடிய ராத்திரி ஒரு மணி ஆயிடும். சரியா மூணே காலுக்குப் பக்கத்து வீட்டுச் சேவல் ஆரம்பிக்கும். அதோட கூடு காம்பவுண்டு சுவரை ஒட்டி அந்தப் பக்கம். என் படுக்கையறை ஜன்னல் இந்தப் பக்கம். நடுவுல ரெண்டு மீட்டர் கூட இருக்காது. பத்து நாள் பொறுத்தேன். பதினோராவது நாள் நாலு மணிக்குப் படுக்கையில உக்காந்து போன்லயே ஒரு புகார் மனு டைப் பண்ணினேன். யாருக்கு அனுப்பணும்னுதான் தெரியலை.

காலையில பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட, "பாட்டி, உங்க சேவல் ராத்திரியில கூவுது, தூக்கமே இல்ல"ன்னேன். அவங்க கோபப்படவே இல்ல. "சேவல் கூவாம ஆடா கண்ணு கூவும்?"னு கேட்டாங்க. அப்புறம், "அது முனியப்பனுக்கு நேந்து விட்டது சாமி. விக்கவும் முடியாது, அடிச்சுக் கொழம்பு வைக்கவும் முடியாது. ஆடி வரைக்கும் பொறுத்துக்க"ன்னாங்க.

அப்போ ஐப்பசி மாசம்.

இன்னொன்னும் சொன்னாங்க. அந்த இடம் சோளக்காடா இருந்த காலத்துல இருந்து அவங்க அங்கதான் இருக்காங்க. நான் பதினோரு மாச அக்ரிமென்ட்ல வந்தவன். இதுல யாருக்கு உரிமை? தூங்கறதுக்கு எனக்கா, கோழி வளர்க்கறதுக்கு அவங்களுக்கா? அந்த மனுவை அனுப்பறதுக்கு முன்னாடி சட்டத்தைப் படிப்போம்னு உக்காந்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியமா இருந்துச்சு.

நமக்கு முன்னாடி மூணு கதவு இருக்கு. ஒவ்வொண்ணா தட்டிப் பாப்போம்.

முதல் கதவு, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. இரவு என்றால் ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. வரம்பை 10 டெசிபெல்லோ அதுக்கு மேலயோ தாண்டினா புகார் கொடுக்கலாம்னு விதியில இருக்கு. ஆஹா, மாட்டுச்சுடா சேவல்னு நினைச்சேன். ஆனா அந்த விதிகளோட முன்னுரையைப் படிங்க. எந்தெந்தச் சத்தத்துக்காக இதைக் கொண்டு வந்தோம்னு ஒரு பட்டியல் இருக்கும். தொழிற்சாலை, கட்டுமானம், பட்டாசு, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, வண்டி ஹாரன், மற்ற இயந்திர சாதனங்கள். பட்டியல்ல சேவல் இல்ல. நாய் கூட இல்ல. போதாததுக்கு அந்த டெசிபெல் கணக்கு ஒரு நொடியோட உச்சம் இல்ல, ஒரு நேர அளவோட சராசரி. ரெண்டு நொடி கூவிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கற சேவல், சராசரியில நல்ல பிள்ளை ஆயிடும். தூங்கற மனுஷனை எழுப்ப அந்த ரெண்டு நொடி போதும்.

ரெண்டாவது கதவு, வருவாய் கோட்டாட்சியர். ஆர்.டி.ஓ.ன்னு சொல்வோமே, அவர். பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவு போடற அதிகாரம் அவருக்கு இருக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல இது 133ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு. ஆனா இங்க 'பொது' என்ற சொல்லைக் கவனிக்கணும். தெருவே பாதிக்கப்பட்டா அது பொதுத் தொல்லை. எனக்கு மட்டும் தூக்கம் போச்சுன்னா, அது ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கற தகராறு. வீட்டு மாடியில இருபது சண்டைச் சேவலைக் கட்டி வெச்சு, தெருவே தூங்காம தவிச்சா அது வேற கதை.

மூணாவது கதவு, சிவில் கோர்ட். தனிமனிதத் தொல்லைன்னு சொல்லி, தடை உத்தரவு கேக்கலாம். இங்க ஒரு சுவாரசியம். "நான் முதல்ல வந்தேன், நீ அப்புறம் வந்தே"ங்கற வாதம் இங்க அவ்வளவா எடுபடாது. 1879ல இங்கிலாந்துல ஒரு வழக்கு, ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மேன். லண்டன்ல ஒரு மிட்டாய்க்காரர் இருபது வருஷத்துக்கு மேல பெரிய உரல் வெச்சு இடிச்சுக்கிட்டு இருந்தார். பக்கத்து வீட்டு டாக்டர் தன் தோட்டத்துக் கடைசியில, அந்தச் சுவரை ஒட்டிப் புதுசா ஒரு அறை கட்டி நோயாளிகளைப் பார்க்க ஆரம்பிச்சார். சத்தம் தாங்கலைன்னு கோர்ட்டுக்குப் போனார். ஜெயிச்சது டாக்டர்! தொல்லை வழக்குகள்ல நம்ம கோர்ட்டுகள் பின்பற்றி வந்ததும் அந்த ஆங்கிலேய வழக்கு மரபைத்தான். ஆனா ஒரு நிபந்தனை உண்டு. சாதாரண மனுஷனால தாங்க முடியாத தொல்லையா இருக்கணும். எனக்குக் கொஞ்சம் மெல்லிய தூக்கம்ங்கறது பத்தாது. அதோட, சிவில் கேஸ் முடியறதுக்குள்ள எத்தனை ஆடி வந்து போகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

சரி, நிஜமா இப்படி ஒரு புகார் போய் முடிவு வந்திருக்கா? வந்திருக்கு. பக்கத்து மாநிலத்துலயே.

கேரளாவில் பத்தனம்திட்டா மாவட்டம், அடூர் பக்கத்துல பள்ளிக்கல்னு ஒரு ஊர். வயசான, உடம்பு சரியில்லாத ஒருத்தர், பக்கத்து வீட்டுச் சேவல் விடியக்காலை மூணு மணிக்கே கூவுது, தூங்க முடியலைன்னு அடூர் ஆர்.டி.ஓ.கிட்ட மனு கொடுத்தார். இது 2025 பிப்ரவரியில செய்தியா வந்தது. நிறைய பேர் சிரிச்சாங்க. ஆனா அந்த அதிகாரி சிரிக்கலை. ரெண்டு தரப்பையும் விசாரிச்சு, இடத்தையும் பார்வையிட ஏற்பாடு பண்ணினார். கோழிக்கூடு பக்கத்து வீட்டோட மேல்மாடியில இருந்தது. உத்தரவு என்ன தெரியுமா? 14 நாளுக்குள்ள கூட்டை மாடியில இருந்து எடுத்து, அதே மனையோட தெற்குப் பக்கத்துக்கு மாத்தணும். அவ்வளவுதான். சேவலை விக்கச் சொல்லலை, கோழி வளர்க்காதேன்னு சொல்லலை. கூட்டை நகர்த்துன்னாங்க.

இதுக்கு நேர் எதிர்த் திசையில பிரான்ஸ் போச்சு. அங்க ஒலெரோன் தீவுல மொரீஸ்னு ஒரு சேவல். லீவுக்கு வந்து தங்கற பக்கத்து வீட்டுக்காரங்க, அது காலையில கூவுதுன்னு கேஸ் போட்டாங்க. 2019 செப்டம்பர்ல கோர்ட் மொரீஸ் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. கேஸ் போட்டவங்களே 1,000 யூரோ இழப்பீடு கொடுக்க வேண்டியதாப் போச்சு. 2021 ஜனவரியில கிராமப்புறத்தோட சத்தங்களையும் வாசனைகளையும் மரபுச் செல்வமா அங்கீகரிச்சு ஒரு சட்டமே வந்துடுச்சு. மொரீஸ் பாவம், அதைப் பாக்க உயிரோட இல்ல, 2020லயே செத்துப் போச்சு.

நம்ம ஊருக்கு எது பொருந்தும்? இங்கதான் சிக்கல். நாமக்கல் 2024ல மாநகராட்சி ஆச்சு. சேலத்தைச் சுத்தி நேத்து வரைக்கும் காடு கழனியா இருந்த இடமெல்லாம் இன்னைக்கு முப்பதுக்கு நாற்பது மனை. கிராமம் எடத்தைக் காலி பண்ணலை, அதுக்கு மேலயே நகரம் வந்து உக்காந்துடுச்சு. பாட்டிக்கு அந்த நாலு கோழிதான் கைச்செலவுக்குக் காசு, அந்தச் சேவல் சாமிக்குக் கொடுத்த வாக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்க, கைக்குழந்தைக்காரங்க, நெஞ்சு வலிக்கு மாத்திரை போட்டுத் தூங்கறவங்க. ரெண்டு பக்கமும் தேவை நிஜம். அதனாலதான் அடூர் உத்தரவு எனக்குப் புடிச்சது. யார் நல்லவங்கன்னு அது கேக்கலை. கூடு எங்க இருக்குன்னு கேட்டுச்சு.

அது சரியான கேள்விதான்னு அறிவியலும் சொல்லுது. சேவல் வெளிச்சத்தைப் பார்த்துட்டுத்தான் கூவுதுன்னு நினைக்கிறோம். ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013ல வெளியிட்ட ஆய்வுப்படி, அதோட உடம்புக்குள்ளயே ஒரு கடிகாரம் இருக்கு. வெளிச்சம் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே அது கூவ ஆரம்பிச்சுடும். அதனால கூட்டை இருட்டாக்கினா மட்டும் போதாது. 2015ல அவங்களே இன்னொன்னும் சொன்னாங்க. கூட்டத்துல பெரிய சேவல் எதுவோ அதுதான் முதல்ல கூவும், மத்ததெல்லாம் வரிசைப்படி பின்னாடி கூவும். நம்ம ஆபீஸ் மீட்டிங் மாதிரிதான்.

அடுத்து சத்தம். கிட்டத்துல இருந்து அளந்தா சேவல் கூவல் 100 டெசிபெல்லைத் தாண்டும். ஒரு மீட்டர்ல 100னு வெச்சுக்கங்க. திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபெல் குறையும். ரெண்டு மீட்டர்ல 94. பதினாறு மீட்டர்ல 76. அந்த 18 டெசிபெல் வித்தியாசம் நம்ம காதுக்கு ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு சத்தமாக் கேக்கும். நடுவுல ஒரு வீட்டுச் சுவர் இருந்தா இன்னும் குறையும். சேவலை மாத்த முடியாது. தூரத்தை மாத்தலாம்.

இந்தக் கணக்கை எடுத்துக்கிட்டு மறுபடி பாட்டிகிட்ட போனேன். டெசிபெல் எல்லாம் பேசலை. "பாட்டி, ராத்திரி மட்டும் சேவலை அந்தப் பக்கம் புளியமரத்துக்கிட்ட கொடாப்புல போட்டுக் கவுக்கலாமா? நானே தூக்கி வைக்கறேன்"னேன். கொடாப்புன்னா மூங்கில் கூடை. சில ஊர்ல பஞ்சாரம்னு சொல்வாங்க. அவங்க முதல்ல கேட்டது, "கீரி வந்தா என்ன பண்ணுவ?" நியாயமான கேள்வி. ஒரு பாறாங்கல்லைத் தூக்கிக் கொடாப்பு மேல வெச்சேன். அன்னையில இருந்து தினம் ராத்திரி வேலைக்கு உக்காருறதுக்கு முன்னாடி அந்தக் கல்லைத் தூக்கி வைக்கறது என் டியூட்டி ஆச்சு. மூணே காலுக்குச் சேவல் கூவிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எங்கேயோ தூரத்துல கூவுற மாதிரி கேக்கும். புரண்டு படுத்துக்குவேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு பிரச்சினை இருந்தா, மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, முதல்ல கூடு எங்க இருக்குன்னு பாருங்க. உங்க ஜன்னல்ல இருந்து எத்தனை மீட்டர்? அதை நகர்த்த முடியுமான்னு கேளுங்க. செலவையோ வேலையையோ பங்கு போட்டுக்கறேன்னு சொல்லிக் கேட்டா பதில் வேற மாதிரி வரும்.

ரெண்டு, கோழி வளர்க்கறவங்களுக்கு. முட்டை மட்டும்தான் வேணும்னா சேவல் வெச்சிருக்கத் தேவையே இல்ல. நாமக்கல் மொத்தமும் அதுக்குச் சாட்சி. குஞ்சுக்காக வெச்சிருக்கீங்கன்னா, ஒரு கூட்டத்துக்கு ஒண்ணு போதும்.

மூணு, பேசிப் பாத்தும் முடியலைன்னா, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடாதீங்க. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல, வழக்கு போடறதுக்கு முன்னாடியே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். பெண்கள்னா வருமான வரம்பு பாக்காம அங்க இலவச சட்ட உதவி உண்டு. அந்தப் பாட்டி மாதிரி ஒருத்தர் மேல நீங்க கேஸ் போட்டா, அவங்களுக்கும் அது உண்டு. அதையும் மனசுல வெச்சுக்கங்க.

ஆடி வந்துச்சு. சேவல் முனியப்பன்கிட்ட போச்சு. ஒரு தூக்குப்போசியில குழம்பு என் வீட்டுக்கு வந்துச்சு. எட்டு மாசம் யார் மேல கடுப்பா இருந்தேனோ அவரையே சாப்பிடறோமேன்னு ஒரு நிமிஷம் இருந்துச்சு. அப்புறம் சாப்பிட்டேன்.

அக்ரிமென்ட் முடிஞ்சு வீட்டைக் காலி பண்ற வாரத்துல ஒரு விடியக்காலை, புதுசா ஒரு குரல். உடைஞ்ச குரல், பாதியில நின்னுடுது. பழைய சேவலோட வாரிசு, கூவப் பழகுது. ஆனா சத்தம் தூரத்துல இருந்து வந்துச்சு. காலையில எட்டிப் பார்த்தா, புளியமரத்தடியில கொடாப்பு கவுத்திருக்கு. மேல கல்லு இருக்கு. நான் வைக்கலை.

அடுத்த எபிசோட்ல பாப்போம். நல்லா தூங்குங்க.