பேரிங் போன எஞ்சினில் எஞ்சுவது எது?

தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் நம் தமிழ் மக்களுள் மோட்டார்த் தொழிலை நம்பிப் பிழைப்போர் பலர். வண்டி ஓட்டுவோரும் உளர். பட்டறை வைத்திருப்போரும் உளர். பழைய உறுப்புகளை வாங்கி விற்போரும் உளர். “பேரிங் போய்விட்டது” என்னும் சொல்லைக் கேட்டு இவர்களுள் மனங்கலங்காதார் இரார். அந்நிலையில் எஞ்சினின் எந்த உறுப்பை வைத்துக்கொள்ளலாம், எதனைக் கழிக்க வேண்டும் என்பதைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன்.

மும்பையின் பட்டறைக்காரர் பலர்க்கு இக்கல்வியைப் புகட்டிய ஆசான் பத்மினி வண்டியே எனலாம். தாராவிக்கு அண்மையிலுள்ள குர்லாவில், பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் அது உருவாயிற்று. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என வெளிவந்து, பிற்காலத்தில் பத்மினி என்று பெயர் பெற்றது. நான்கு சிலிண்டர், 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் அதற்கு. மும்பையில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29ஆம் நாள் பதிவாயிற்று. டாக்சிகளுக்கு விதித்த இருபதாண்டு எல்லை முடிந்தமையால், 2023 அக்டோபரில் அது தொழிலினின்றும் விடைபெற்றது. வண்டி போயினும் அது கற்பித்த பாடம் போகவில்லை. இன்று ஓடும் வண்டிகளுக்கும் அது பொருந்தும்.

எஞ்சின் ஓடும்போது கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின்மீது உராய்வதில்லை; இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தின்மீது மிதக்கின்றது. அவ்விடைவெளி தலைமயிரின் தடிமனுக்கும் குறைவானது. எண்ணெய் குறைந்தாலும், நீர்த்தாலும், அழுக்குற்றாலும் அப்படலம் அறும். உலோகம் உலோகத்தைத் தொடும். பேரிங் ஓட்டின் மெல்லிய பூச்சு உருகும். “டக் டக்” என்னும் ஒலி எழும். அதற்குப் பின்னும் ஓட்டினால், ஓடு தன் இருப்பிடத்தை விட்டுச் சுழன்று, கனெக்டிங் ராடையும் கெடுத்துவிடும்.

ஆதலின் கழற்றியவுடன் பழைய ஓடுகளைப் பங்கார்க்காரரிடம் எறிந்துவிடாதீர்கள். எந்தச் சிலிண்டரினது, மேலோடா கீழோடா என்று குறித்து வரிசையாக வையுங்கள். எல்லா ஓடுகளும் ஒருபோலத் தேய்ந்திருப்பின், எஞ்சின் முழுவதற்கும் எண்ணெய் போதவில்லை என்று ஐயுறலாம். ஒன்று மட்டும் கருகியிருப்பின், அதற்குச் செல்லும் எண்ணெய்த் துளை அடைபட்டதா என்று பாருங்கள். மண்ணும் துகளும் பதிந்திருப்பின் ஃபில்டரைச் சோதியுங்கள். மேலோடு ஓர் ஓரத்திலும் கீழோடு எதிர் ஓரத்திலும் தேய்ந்திருப்பின், ராடு வளைந்திருத்தல் கூடும். ஓட்டின் முதுகு பளபளத்தால், அது தன் இருப்பிடத்தில் அசைந்தது என்று அறிக.

என் பட்டறையில் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்தைக் கொணர்ந்து எஞ்சினைச் சீர்செய்யச் சொன்னார். விரைவில் தர வேண்டும் என்னும் ஆவலால் புதிய ஓடுகளை மட்டும் பூட்டி அனுப்பினேன். எண்ணெய் வழிகளில் தங்கியிருந்த உலோகத் துகளை நான் கழுவவில்லை. எண்ணெய்ப் பம்பையும் திறந்து பார்க்கவில்லை. எட்டாம் நாள் அதே ஒலியுடன் வண்டி திரும்பி வந்தது. பிழை என்னுடையது, அதன் செலவை நானே ஏற்றேன். ஆயினும் அவர் இழந்த நாட்களின் வருவாயை என்னால் ஈடுசெய்ய இயலவில்லை. நோயை விட்டுப் புண்ணுக்கு மட்டும் மருந்திட்டால் இதுவே முடிவு.

இனி, உறுப்புகளை மதிப்பிடும் முறையைக் காண்போம். கிராங்க் ஷாஃப்டை நன்கு கழுவி, அதன் துளைகளினூடே கம்பித் தூரிகையைச் செலுத்துங்கள். பேரிங் அமரும் இடத்தின்மீது நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்குமாயின் கிரைண்டிங் தேவை. மைக்ரோமீட்டரால் ஒவ்வோரிடத்தையும் செங்குத்தான இரு திசைகளிலும், இரு முனைகளிலும் அளந்தால், வட்டம் கெட்டதும் சரிவு விழுந்ததும் தெரியவரும். நீலம் பாரித்திருப்பின் அது கடுஞ்சூடு பட்டது. அதன் உரம் ஐயத்திற்குரியது. வெடிப்பைக் காண எளிய வழியொன்று உண்டு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உலரத் துடைத்து, சுண்ணப்பொடி தூவுக. வெடிப்பு இருப்பின், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தோன்றும். நுண்ணிய வெடிப்பு இதற்கும் தப்பும். ஆதலின் ஐயமிருப்பின் காந்தச் சோதனை செய்விப்பதே நன்று.

பழைய சந்தையில் ஷாஃப்ட் வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. ஓட்டின் முதுகில் எஸ்டிடி என்றிருந்தால் அது மூல அளவினது. 010, 020, 030 என்பன, அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது பங்கு ஷாஃப்ட் கடைந்து குறைக்கப்பட்டதைக் குறிக்கும், 0.25, 0.50, 0.75 என மில்லிமீட்டரிலும் வரும். கடைசி அளவுவரை கடைந்த ஷாஃப்ட் மலிவாகத் தோன்றும். மறுமுறை கடைய அதில் இடமிராது. ஓட்டிலுள்ள எண்ணை மட்டும் நம்பாது, ஷாஃப்டையே அளந்து வாங்குங்கள்.

கனெக்டிங் ராடும் அதன் மூடியும் ஒன்றாய்க் கடையப்பட்ட இணை. எண் மாறிய மூடியை ஏற்காதீர்கள். மூடியை முறைப்படி இறுக்கி, உள்வட்டத்தை அளந்து பாருங்கள். நீலம் பாரித்த ராடைக் கழித்துவிடுக. எண்ணெய்ப் பம்பின் பற்களிலும் உறையிலும் கீறல் கண்டால் புதியது வாங்குவதே சிக்கனம். கீறுண்ட பிஸ்டன் உருக்குலைக்கே உரியது. நம் தாராவியில் அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்கொள்வோர் உளராதலின், அதுவும் வீண்போகாது.

பழைய உறுப்பை வாங்குவது இழிவன்று. அளக்காமல் வாங்குவதே இழப்பு. அதன் பளபளப்பு கடைக்காரர் துடைத்து வைத்தது. அதன் அளவோ அது உழைத்த உழைப்பைச் சொல்வது. கெட்டதன் காரணத்தைக் கண்டபின் கெடாததைத் தேர்ந்தால், பிறமாநிலத்தில் நாம் அரும்பாடுபட்டு ஈட்டிய பொருள் ஒரே பழுதுக்கு இருமுறை செலவாகாது.