தாயின் தொழிலும் கருவின் நலமும்



ஒரு குழந்தை குறையுடன் பிறந்துவிட்டால், வீட்டில் முதலில் எழும் வினா, "தாய் என்ன செய்தாள்?" என்பதே. அவள் உண்டது, கிரகண நாளில் வெளியே சென்றது எல்லாம் விசாரிக்கப்படும். ஆனால், நாள்தோறும் எட்டு மணி நேரம் அவள் எத்தகைய காற்றைச் சுவாசித்து வேலை செய்தாள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய வினா அதுவே.

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு ஏதேனும் காணப்படுகிறது. மரபணு, தாயின் நீரிழிவு, ரூபெல்லா போன்ற தொற்று, சில மருந்துகள் ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். பலவற்றுக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்தால் இன்றும் கூற இயலவில்லை. ஆகவே, எந்தத் தாயின் மீதும் பழி சுமத்துவது அறமன்று.

கனடாவின் டொராண்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 1999இல் வெளியாயிற்று. தின்னர், பசை, அச்சு மை போன்றவற்றில் உள்ள கரைப்பான்களின் ஆவியில் பணியாற்றிய 125 கர்ப்பிணிகள் ஒரு புறம்; அத்தகைய பணியில் இல்லாத 125 கர்ப்பிணிகள் மறுபுறம். முதற்பிரிவில் 13 குழந்தைகளுக்குப் பெரிய குறைபாடு இருந்தது. இரண்டாம் பிரிவில் ஒரே ஒரு குழந்தைக்கு. அந்தப் பதின்மூவரில் பன்னிருவரின் தாய்மார்கள், வேலையின்போது கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல், தலைவலி போன்ற தொல்லைகளை உணர்ந்தவர்கள். உடல் தந்த எச்சரிக்கை அது. எனினும், முதற்பிரிவிலும் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெற்றனர் என்பதையும் மறத்தலாகாது.

இதில் காலமே பெருஞ்சிக்கல். கருவுற்ற 22ஆம் நாளை ஒட்டி இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக் குழல், 28ஆம் நாளை ஒட்டி மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய், மருத்துவரை நாடி, நற்செய்தி உறுதியாகும்போது இவை நடந்து முடிந்திருக்கக்கூடும். அதன்பின் வேறு பிரிவுக்கு மாற்றுவது நன்றேயாயினும், முழுக் காப்பாகாது.

அப்படியானால் பெண்களுக்கு அவ்வேலையே வேண்டாம் என்று விலக்கிவிடலாமா? அமெரிக்காவில் ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்னும் பேட்டரி நிறுவனம் 1982இல் அவ்வாறே செய்தது. கருத்தரிக்க இயலாதவர் என்று மருத்துவச் சான்று தந்தால் ஒழிய, ஈயம் கலந்த பணிகளில் பெண்களுக்கு இடமில்லை என்றது. வேலையை இழக்க அஞ்சி ஒரு பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டார். அதே நிறுவனத்தில், தந்தையாக விரும்பிய ஓர் ஆண், தம் இரத்தத்தில் ஈயம் குறையும்வரை விடுப்புக் கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. ஈயம் ஆணின் வித்தையும் பாதிக்கும் என்பதை அவ்விதி எண்ணிப் பார்க்கவில்லை. 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பிறக்கப்போகும் குழந்தையின் நலனைப் பற்றி முடிவெடுப்போர் பெற்றோரே. முதலாளி அல்லர் என்பது அதன் சாரம்.

பெண்ணை விலக்குவது எளிது. நஞ்சை விலக்குவதே கடமை. காற்றோட்டம், ஆவியை உறிஞ்சும் விசிறி, தகுந்த கையுறை, தீங்கு குறைந்த மாற்றுப் பொருள் ஆகியவை ஆண், பெண் இருபாலரையும் காக்கும். பூச்சிமருந்து, எக்ஸ்ரே, மயக்க வாயு, புற்றுநோய் மருந்து ஆகியவற்றுக்கிடையே பணிபுரிவோர்க்கும் இது பொருந்தும். கணினித் திரை கருவுக்குத் தீங்கு செய்யும் என்ற அச்சத்திற்கோ ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

குடும்பத்தார் செய்யக்கூடியவையும் உண்டு. திருமணமான பெண் குழந்தையை விரும்பும்போதே, கருவுறும் முன்னரே, தான் கையாளும் பொருளின் பெயரை மருத்துவரிடம் கூறட்டும். நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ளட்டும். நரம்புக் குழல் குறைபாடுகளை அது பெரிதும் குறைக்கும். ஈயத்தோடு உழைக்கும் கணவர், உடை மாற்றிக் குளித்த பின்னரே வீட்டிற்குள் வரட்டும். பலரை வேலைக்கு அமர்த்தியிருக்கும் பெரியோர்கள், நாளைக் காலை தம் பட்டறையின் சன்னல்களை ஒருமுறை பார்வையிடட்டும். அங்கே மூச்சுவிடும் உயிர்களுள் இன்னும் பெயரிடப்படாத ஒன்றும் இருக்கக்கூடும்.