தொழிலோடு பிறந்த பாட்டு

உழைப்பவர் களைப்பை மறப்பதற்காகப் பாடுகிறார் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். அது உண்மைதான், ஆயினும் முழு உண்மையன்று. நம் நாட்டுப்புறத்தில் பாட்டும் கலப்பையைப் போல ஒரு கருவியாகவே இருந்து வந்தது.

ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். துலாமரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் சாலினைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். தாளம் பிசகினால் மேலே நடப்பவர் உயிருக்கே ஆபத்து. இருவரையும் இணைத்து நிறுத்தியது பாட்டு. எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கும் அப்பாட்டின் அடிகளிலேயே ஓடிவரும்.

கரைவலை இழுக்கும் மீனவரின் அம்பாப் பாட்டும் இத்தகையதே. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் குரல் எழும் கணத்தில் அத்தனை கைகளும் ஒருசேர இழுக்கும். நடவு வயலிலோ, கூலிக் குறையை நேரிற் சொல்லத் துணியாத பெண்கள் பாட்டிற் சொன்னார்கள்.

உழவர் எருதுக்குத் தண்ணீர் காட்டும்போது மெல்லச் சீழ்க்கையடிப்பதுண்டு. வீட்டுக்குள் சீழ்க்கையடித்தால் அதட்டும் பெரியவர்களும் தொழுவத்தில் அதனைத் தடுப்பதில்லை!

இவ்வழக்கு மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், இளங்கோவடிகள் உழவரின் ஏர்மங்கலத்தையும் களத்து முகவைப் பாட்டையும் நமக்குக் கேட்பிக்கிறார்.

1950-களிலும் 1960-களிலும் மின்சாரப் பம்புகள் பரவின. ஏற்றம் ஓய்ந்தது, உடல்நோவும் குறைந்தது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் தொழில் போனபின் பாட்டுக்கு நிற்க இடமில்லை. 1964-இல் வெளிவந்த நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ போன்ற தொகுப்புகள் சொற்களைக் காத்துத் தந்தன. மூச்சு எங்கே நின்றது, கை எங்கே தாழ்ந்தது என்பவற்றை அச்செழுத்து முழுதும் தாங்காது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் உங்களிற் சிலர் இல்லத்தில், நாற்று நட்ட கைகளோடு ஒரு தாயோ பாட்டியோ இருக்கக்கூடும். பேரக் குழந்தைகளுக்கு அவர் பேச்சே பாதிதான் விளங்கும். ஒரு மாலைப்பொழுதில் அவரைப் பாடச் சொல்லுங்கள். கைப்பேசியிற் பதிவு செய்யுங்கள். எந்த வேலைக்கு உரிய பாட்டு, எத்தனை பேர் சேர்ந்து பாடியது, முதலடி எடுத்தவர் யார் என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவிலே அடி மறந்துபோனால், நாற்று நடுவதுபோற் கையை அசைத்துப் பாடச் சொல்லுங்கள். நாவுக்கு மறந்தது கைக்கு நினைவிருக்கும்.