டி.சி.யை வாங்கிவிடாதீர்கள்



ஐந்தாம் வகுப்புப் பையன். இடத்தில் உட்காரமாட்டான், கோபம் வந்தால் பக்கத்துப் பிள்ளையை அடித்துவிடுவான். "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்களாம் பள்ளியில். வெளியூர் மதரஸா விடுதியில் சேர்க்க நம்மிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்தார் தாய். நாமும் எழுத உட்கார்ந்துவிட்டோம். "அங்கே அடித்துத் திருத்திவிடுவார்கள்" என்று அவர் சொன்னதும்தான் கை நின்றது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது, அடிக்கவும் கூடாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அல்லாஹ்விடம் சொல்லவேண்டிய பதில் நமக்கும் பொருந்தும்.

சிறுவர் அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். அவர் கடைத்தெருவில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்தது. திரும்பினால், நபியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடியில்லை, ஏச்சில்லை. சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள்.

பையனை விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். முதலில் காதையும் கண்ணையும் பார்த்தார்கள், பிறகு மனநலப் பிரிவு. இது திமிரில்லை, அடக்க முடியாத துடிப்பு என்று தாய்க்கு விளங்கச் சொன்னார்கள். பள்ளியிலும் பேசினோம். இப்போது முன்வரிசையில் இடம். நோட்டு விநியோகிப்பது அவன் வேலை. ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்கிறார் ஆசிரியை. சண்டை இன்னும் நிற்கவில்லை. ஆனால் தினமும் பள்ளிக்குப் போகிறான்.

இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகம் வாருங்கள். பஸ் செலவு டிரஸ்டுடையது. பெயர் வெளியே போகாது.