கொட்டியாரக் குடா கூறும் சாட்சி



துன்பத்தில் ஆழ்ந்தோர்க்கு இறைவனின் இரக்கம் எவ்வழி வருகிறது? திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடா இதற்குச் சாட்சி கூறும்.

புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் அங்கே ஒதுங்கியது. 1660ஆம் ஆண்டில் அதன் தலைவரும் மகன் ரொபேட் நொக்சும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டனர். மறு ஆண்டில் தந்தை நோயுற்று மாண்டார். இருபது வயதளவினரான மகன் தனித்து நின்றார்.

பின்னொருநாள் ஊர் முதியவர் ஒருவரிடம் ஆங்கில வேதாகமம் இருப்பதை அறிந்தார். பின்னல் தொப்பி ஒன்றே அதன் விலையாயிற்று. அந்நூலை இறைவன் தமக்குத் தந்த கொடையாகவே போற்றினார். 1679இல் தப்பி, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. விடுதலை பெற்ற அவரே, பின்னர் மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கச் சென்ற கப்பலுக்குத் தலைவரானார்.

பெற்ற இரக்கத்தை எடுத்துரைத்தல் சாட்சியின் ஒரு பாதி. அதனைப் பிறர்க்கு அளித்தல் மறு பாதி. இன்று துன்புறும் அன்பர்களே, நம்பிக்கை இழவாதீர்கள். முன்பின் அறியாதார் கையினாலும் இரக்கம் வரும். வந்த இரக்கத்தை உங்களோடு நிறுத்திவிடாதீர்கள்.